ஆக்ஸ்போர்டில் ஆழ்வார்கள்: அப்பாசாமியின் பக்திமார்க்கம், ஒரு மதிப்பீடு

மாங்காட்டில் குடியிருக்கும் கிறிஸ்தவருக்குத் தமிழ்ப் பக்தி மரபு எங்கோ தொலைவில் இருப்பதல்ல. காமாட்சியம்மன் தவமிருந்த தலம் என்று போற்றப்படும் ஊர் இது. எலுமிச்சம்பழத்தோடு ஆறு வாரம் விடாமல் வந்து வேண்டிக்கொள்கிறவர்கள் நமக்கு அண்டை வீட்டார். தெற்கே சேக்கிழார் பிறந்த குன்றத்தூர். வடக்கே திருக்கச்சி நம்பிகளின் பூந்தமல்லி. அதைத் தாண்டினால் நெடுஞ்சாலையோரம் திருமழிசை. அதே நெடுஞ்சாலையில் இன்னும் மேற்கே போனால் இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர். சைவமும் வைணவமும் தமிழில் கடவுளோடு பேசிப் பழகிய மண்ணில்தான் நாம் ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போகிறோம்.

இந்த மண்ணிலிருந்துதான் இப்போது நம் சபைப் பிள்ளைகள் ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் படிக்கப் போகிறார்கள். போகுமுன் ஆலயத்தில் முன்னால் அழைத்து, தலைமேல் கைவைத்து ஜெபித்து, "அங்கே போயும் சாட்சியாக இருக்கணும்" என்று அனுப்புகிறோம். வேற்று மொழி பேசுகிறவர்கள் நடுவில் சாட்சியாக இருப்பது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கைப்பிரதி கொடுப்பதா, வேதபாடம் நடத்துவதா, வாய்மூடி நல்லவனாக நடந்துகொண்டால் போதுமா? பிள்ளைகளே தடுமாறிக் கற்றுக்கொள்கிறார்கள். இந்தக் கேள்வியை நூறாண்டுக்கு முன்பே முழுமனதோடு எதிர்கொண்ட ஒரு தமிழ் மாணவர் உண்டு. அவர் செய்ததை எடைபோட்டுப் பார்ப்பது வெறும் வரலாற்று ஆர்வத்துக்காக அல்ல. இன்று நம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லி அனுப்புவது என்பதற்கான விடையில் ஒரு பகுதி அங்கே இருக்கிறது.

அவர் ஐயாதுரை ஏசுதாசன் அப்பாசாமி. 1891-ல் பாளையங்கோட்டையில் பிறந்தார். தந்தை சைவத்திலிருந்து கிறிஸ்துவை ஏற்றவர். முதிய வயதில் யோகப் பயிற்சியைத் தம் ஜெபத்தியானத்துக்குத் துணையாகக் கொண்டவர். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை ஹார்வர்டிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தது. 1922-ல் ஆக்ஸ்போர்டில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், இந்துப் பக்தி இலக்கியத்தின் அனுபூதி நெறிக்கும் யோவான் சுவிசேஷத்தின் அனுபூதி நெறிக்கும் உள்ள உறவு. அந்த ஆய்வின் தொடர்ச்சியாக 1927-ல் 'கிறிஸ்டியானிட்டி அஸ் பக்தி மார்கா' நூல் வந்தது. பின்னாளில் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயராக 1950 முதல் 1959 வரை இருந்தார். 1975-ல் காலமானார்.

வெளிநாட்டில் படிக்கும் விசுவாசிக்கு வழக்கமாக இரண்டு வழிகள் கண்ணில் படும். ஒன்று, அந்த ஊர்க் கிறிஸ்தவர்களைப் போலவே பேசி, பாடி, ஜெபிக்கப் பழகி அவர்களில் ஒருவராகிவிடுவது. மற்றது, தமிழ் ஐக்கியம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதற்குள்ளேயே இருந்து, படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவது. அப்பாசாமி இரண்டையும் எடுக்கவில்லை. தம் மக்களின் பக்திப் பாடல்களை ஆங்கிலேயர் முன்னால் கொண்டுபோய் வைத்து, "உங்கள் கையிலிருக்கும் யோவானை இவர்களோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள்" என்றார். காலமும் அதற்கு ஓரளவு பழுத்திருந்தது. ஜி. யு. போப்பின் திருவாசக மொழிபெயர்ப்பு 1900-லேயே ஆக்ஸ்போர்டில் அச்சாகியிருந்தது. சைவ அடியார் பாடல்களைக் கிங்ஸ்பரியும் பிலிப்ஸும் ஆங்கிலத்தில் தந்தது 1921-ல். அந்தக் கிங்ஸ்பரி, பழந்தமிழ் ஏடுகளைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளையின் மகன் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஆகத் தமிழ் அங்கே புதிதல்ல. தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர் அந்தப் பாடல்களைத் தம்முடைய சொத்தாக உரிமை பாராட்டிப் பேசியதுதான் புதிது.

அதே காலத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. 1920-ல் சாது சுந்தர்சிங் இங்கிலாந்து வந்தபோது, புதிய ஏற்பாட்டு அறிஞர் பி. எச். ஸ்ட்ரீட்டரும் மாணவர் அப்பாசாமியும் அவரோடு உட்கார்ந்து பேசினார்கள். அடுத்த ஆண்டே 'தி சாது' என்ற நூல் இருவர் பெயரிலும் வெளிவந்தது. பஞ்சாபியர் ஒருவரின் ஜெப அனுபவத்தை ஆங்கிலேய வாசகருக்குப் புரியவைக்கத் தமிழர் ஒருவர் தேவைப்பட்டார். மொழிகளைத் தாண்டி விசுவாசத்தைப் பகிர்வது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியை நான் அறியேன். கொண்டு போனவர் வெறும் தூதராக இல்லை. கேட்கவும், குறித்துக்கொள்ளவும், கேள்வி எழுப்பவும் தெரிந்தவராக இருந்தார்.

இனி அவருடைய வாதத்தின் உயிர்நிலைக்கு வருவோம். யோவானின் முதல் அதிகாரம் வார்த்தையானவர் மாம்சமாகுமுன்பே உலகத்தில் இருந்தார் என்கிறது. அப்பாசாமி இதை இராமானுசரின் அந்தர்யாமிக் கொள்கையின் அருகில் வைத்தார். எல்லாவற்றுக்கும் உள்ளே நின்று இயக்கும் இறைவன் அந்தர்யாமி. உலகம் அவனுக்கு உடல். மாம்சமாகி வந்த இயேசு, ஏற்கெனவே உள்ளே இருந்தவரின் வெளிப்படையான வருகை. அடுத்து, "நானும் பிதாவும் ஒன்று" என்ற பொருளில் இயேசு சொல்வதை அத்வைத ஒருமையாக அவர் கொள்ளவில்லை. அன்பிலும் சித்தத்திலும் முழுதும் இசைந்த ஒற்றுமை என்றார். பக்தனுக்கும் கிறிஸ்துவுக்கும் உள்ள உறவும் அதே வகை: கொடியும் திராட்சைச்செடியும் போல நிலைத்திருப்பது, கரைந்து இல்லாமற்போவது அல்ல. சங்கரரை விட்டு இராமானுசரைத் தேர்ந்ததில் அவருடைய நுட்பம் தெரிகிறது. அன்று இந்தியச் சிந்தனை என்றாலே அத்வைதம் என்று மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பேசிக்கொண்டிருந்தன. மக்கள் உண்மையில் கண்ணீரோடு பாடிக் கும்பிட்ட சமயம் வேறு என்று காட்ட ஒரு தமிழ் மாணவரால் முடிந்தது.

இது கலப்படம் என்று குற்றம் சொன்னவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. 1938 டிசம்பரில் தாம்பரத்தில் கூடிய அனைத்துலக மிஷனரி மாநாட்டுக்கு முன்பாக எழுதிய நூலில் ஹென்றிக் கிரேமர், சுவிசேஷம் பிற சமயங்களின் நிறைவாக வருவதல்ல, அவற்றோடு முறித்து நிற்பது என்று வலுவாக வாதிட்டார். அந்தக் கட்சியின் அக்கறையை நான் மதிக்கிறேன். எதை எதோடும் சேர்த்துவிடலாம் என்றால் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அப்பாசாமி மீது இந்தக் குற்றம் நிற்காது. அவதாரம் என்ற கருத்தைக் கையாண்டபோதும், கிறிஸ்துவில் நிகழ்ந்தது ஒரே முறை, முழுமையாக நிகழ்ந்தது என்றே அவர் பிடித்து நின்றார். அதிகாரத்துக்கு அளவுகோல் எது என்று வந்தபோது சுருதி, யுக்தி, அனுபவம் என்ற நம் மரபின் பிரமாணங்களை எடுத்துக்கொண்டு, அவற்றோடு சபையையும் சேர்த்தார். சுருதியாக அவர் கொண்டது வேதாகமத்தை. தம் வீட்டு அஸ்திவாரத்தை விற்றுவிட்டு வந்தவர் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

அவர் மீது நிற்கக்கூடிய குறைகள் வேறு.

முதலாவது, ஒன்றிப்பை நடுவில் வைக்கும்போது சிலுவையின் கூர்மை தணிகிறது. யோவான் 15-ஆம் அதிகாரம் திராட்சைச்செடியில் தொடங்குகிறது. பாதியைத் தாண்டியதும் உலகம் உங்களைப் பகைக்கும் என்ற எச்சரிக்கைக்குப் போகிறது. நிலைத்திருத்தலை அனுபூதியாக மட்டும் வாசிக்கிறவர் இந்தப் பகைக்கு ஏன் ஆளாக வேண்டும் என்று விளக்கியாக வேண்டும். அமைதியாகத் தியானிக்கிறவரை உலகம் பகைப்பதில்லை.

இரண்டாவது குறை இதிலிருந்தே கிளைக்கிறது. அதைச் சொல்ல நான் பூந்தமல்லிக்குத்தான் போக வேண்டும். வைணவ மரபு சொல்லும் வரலாறு இது. பிராமணர் அல்லாத திருக்கச்சி நம்பிகளை இராமானுசர் தம் வீட்டுக்கு உண்ண அழைத்தார். அவர் உண்டு மிஞ்சியதைத் தாம் உண்ண வேண்டும் என்பது இராமானுசரின் ஆசை. இராமானுசர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பிகள் வந்து உண்டு சென்றார். இராமானுசரின் மனைவி இலையை எறிந்து, இடத்தைக் கழுவி, குளித்து, புதிதாகச் சமைத்தார். திரும்பி வந்த இராமானுசர் மனமுடைந்து போனார். ஒரே வீட்டுக்குள், ஒரே வேளையில், பக்தி சாதியைத் தாண்டவும் செய்தது; சாதி பக்தியைக் கழுவித் தள்ளவும் செய்தது. குன்றத்தூர்ச் சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் என்ற நந்தனும் தில்லையில் நெருப்பில் மூழ்கி எழுந்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. திருமழிசையாழ்வாரை எடுத்து வளர்த்தவர் பிரம்பறுத்துப் பிழைத்தவர் என்று மரபு சொல்கிறது. பூந்தமல்லி, குன்றத்தூர், திருமழிசை ஆகிய மூன்று ஊர்களும் மாங்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகும் தூரம்.

யோவானிலும் இதே இடம் உண்டு. 13-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவுகிறார். நம்பிகள் உண்ட மிச்சத்தை விரும்பிய இராமானுசரையும், சீஷர்களின் கால் அழுக்கைத் தொட்ட இயேசுவையும் அடுத்தடுத்து வைத்து ஒரு தமிழ் விசுவாசி ஆக்ஸ்போர்டில் பேசியிருந்தால், அது அனுபூதி ஆய்வோடு நின்றிருக்காது. மேல் கீழ் என்று மனிதரைப் பிரிப்பது எந்த மொழியில் வந்தாலும் அதன் மேல் விழுந்த தீர்ப்பாக இருந்திருக்கும். ஆங்கிலேய வர்க்கபேதமும் தப்பியிருக்காது. அப்பாசாமி பக்திக்கும் யோவானுக்கும் இடையில் பாலம் போட்ட இடம் உண்மையானது. பாலம் போட வேண்டிய வேறோர் இடம் இருந்தது, அங்கேதான் வெள்ளம் அதிகம்.

தமிழ்ச் சபைகளின் வரலாறு இதை இன்னும் உறைக்கச் செய்கிறது. 1833-ல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று ஆணையிட்டபோது, வேதநாயக சாஸ்திரியாரைப் போன்ற பெரும் பக்திக் கவிஞரே எதிர்த்து நின்றார். கிறிஸ்துவை உருகிப் பாடுவதும் சாதியைக் காப்பதும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு நமக்கு வெளியிலிருந்து சான்று வேண்டியதில்லை. 1980-களில் ஏ. பி. நிர்மலும் அவரைத் தொடர்ந்தவர்களும் தலித் இறையியலை முன்வைத்து, இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனை உயர்சாதி நூல்களோடு மட்டுமே உரையாடியது என்று குற்றம் சாட்டியதற்கு இதுவே பின்னணி. சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி அந்தச் சிந்தனையின் முக்கியக் களமாக இருந்தது. மதுரையில் தியாப்பிலஸ் அப்பாவு பறையையும் கிராமிய மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். அப்பாசாமியின் நூலில் கேட்காத குரல்கள் அங்கே கேட்டன. ஆனால் இந்தக் குற்றச்சாட்டை நான் முழுதாக ஏற்கவில்லை. பக்தி இலக்கியம் உயர்சாதியின் சொத்து என்று விட்டுக்கொடுத்தால், நந்தனையும் நம்பிகளையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறோம்.

மூன்றாவது குறை எழுதிய மொழி. அவருடைய முதன்மை நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு அவர் ஏற்றிச் சென்றது நிறைய. திரும்பிய பின் அதே அளவு தமிழ் வாசகருக்கு இறங்கவில்லை. மாங்காட்டிலோ ஆவடியிலோ ஞாயிறுப் பிரசங்கம் கேட்கிறவருக்கு அவர் பெயரே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இந்த இடத்தில் இன்னொரு மாணவியை அவர் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். பண்டித ரமாபாய் 1883-ல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து போனார். அங்கே வான்டேஜ் மடத்துச் சகோதரிகளிடையே ஞானஸ்நானம் பெற்றார். பெற்ற கையோடு அவர்களோடே வாதாடவும் செய்தார்: நான் கிறிஸ்துவை ஏற்றேன், உங்கள் சபைக் கோட்பாடு அனைத்தையும் கேள்வியில்லாமல் ஏற்கவில்லை என்பது அவர் நிலை. திரும்பி வந்து, எபிரேயமும் கிரேக்கமும் கற்று, சாதாரணப் பெண்களுக்குப் புரியும் மராத்தியில் வேதாகமம் முழுவதையும் தாமே மொழிபெயர்த்தார். கேட்காவில் அவர் தொடங்கிய முக்தி மிஷனில் பெண்களே அதை அச்சிட்டார்கள். அவர் இறந்ததும் 1922-ல்தான்; அப்பாசாமி முனைவர் பட்டத்துக்கு ஆய்வை முடித்த அதே ஆண்டு. இருவரில் யாருடைய கல்வி ஆழமானது என்று அளக்க நான் துணியமாட்டேன். யாருடைய கல்வி ஊர்க்கிணற்றடி வரை வந்தது என்பதில் ஐயமில்லை.

இன்னொருவரையும் சொல்லாமல் விட முடியாது. வேதநாயகம் சாமுவேல் அசரியா வெளிநாட்டில் படித்தவர் அல்லர். திருநெல்வேலித் தமிழர் தெலுங்கு கற்று தோர்ணக்கல் கிராமங்களில் ஒடுக்கப்பட்ட மக்களிடையே ஊழியம் செய்தார். 1912-ல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார். 1910-ல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் மேடையேறியபோது, மிஷனரிகளின் தியாகத்தை நன்றியோடு ஒப்புக்கொண்டு, அவர்களிடம் குறைவது நட்பு என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்தப் பேச்சின் சூடு இன்னும் ஆறவில்லை.

அந்தச் சூடு இன்று நம் பக்கம் திரும்புகிறது. பூந்தமல்லி, போரூர்ப் பக்கத்துக் கல்லூரிகளுக்குப் படிக்க வரும் நாகாலாந்து, மிசோரம், ஆப்பிரிக்க நாட்டு மாணவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். நம் ஆங்கில ஆராதனையில் பின்வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் விடுதிக்குப் போய்விடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் மாணவர் விசாவில் இருந்துகொண்டு இங்கே மதப் பிரசாரம் செய்ய நம் அரசு அனுமதிப்பதில்லை. அதற்கு மிஷனரி விசா தனியே உண்டு. நம் குடிமக்களுக்குமே, அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு தரும் மதம் பரப்பும் உரிமையில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் ஸ்டெய்னிஸ்லாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. இந்த வேலிகளைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. அவை பிடுங்காத ஒன்று இருக்கிறது: நாம் அவர்களை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டு, உங்கள் ஊரில் எப்படிப் பாடுவீர்கள், எப்படி அழுது ஜெபிப்பீர்கள் என்று கேட்பதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. நாம்தான் அழைப்பதில்லை.

என் தீர்ப்பு இது. அயல்நாட்டில் படிக்கும் விசுவாசி, தன் மக்களின் சமயப் பேச்சை ஆழமாக அறிந்து, அதோடுதான் பிறர் முன் நிற்க வேண்டும் என்று அப்பாசாமி காட்டிய வழி சரியானது. அவருக்குப் பின் வந்த எந்தக் கைப்பிரதி முறையும் அதை வெல்லவில்லை. மனனம் செய்த நான்கு வசனங்களை மொழிபெயர்த்து ஒப்பிக்கும் சாட்சியைவிட, எதிரில் இருப்பவரின் நூலையும் தன் நூலையும் பக்கம் பக்கமாகத் திறந்துவைத்து உரையாடும் சாட்சி நேர்மையானது, நிலைப்பதும் அதுவே. அவர் தேர்ந்த பொருள் பாதி சரி: ஒன்றிப்பைக் கண்டார், இலையை எறிந்த வீட்டை மையத்துக்குக் கொண்டுவரவில்லை. அவர் எழுதிய திசை குறைபட்டது: அறிஞர்களிடம் போய்ச் சேர்ந்தது, ஊருக்குப் போதிய அளவு திரும்பவில்லை. அந்தக் குறையில் ரமாபாயே நமக்கு முன்மாதிரி. அப்பாசாமி, ரமாபாய், அசரியா மூவரையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு முழு மாணவர் கிடைப்பார்.

சபைகளை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டு உங்கள் பிள்ளையை விமானமேற்றுமுன், தலைமேல் கைவைக்கும் அந்த ஞாயிறுக்கு முன்னுள்ள மாதங்களில், பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாற்றையும் யோவான் 13-ஆம் அதிகாரத்தையும் தமிழிலேயே பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். படிப்பு முடிந்து பிள்ளை திரும்பி வரும்போது, எத்தனை பேருக்குச் சொன்னாய் என்று மட்டும் கேட்காதீர்கள். அங்குள்ளவர்களிடமிருந்து என்ன கற்றாய் என்று கேட்டு, அதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்ததைச் சபை இதழில் அச்சிடுங்கள்.